ஒரு ஆணுக்கு எத்தனை பெண்? குட்டி சிக்லிட் மீன்களோட வீட்டுக் கணக்கு

(ஒலிப்பதிவின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சுநடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கு.)

போன எபிசோடுக்கு அப்புறம் வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே கேள்விதான். "ஒரு அபிஸ்டோ ஆண் இருக்கு, எத்தனை பெண் போடலாம்?" "ராம் ஜோடியா வாங்கணுமா, நாலு வாங்கலாமா?" "ஹேரம் வைக்க எத்தனை அடி தொட்டி வேணும்?" இன்னைக்கு முழு எபிசோடும் இதுக்குத்தான்.

அவசரமா இருக்கிறவங்களுக்கு முதல்லயே சொல்லிடுறேன். உங்க தொட்டி ரெண்டு அடி நீளம்னா ஒரு ஜோடி. அவ்வளவுதான். மூணு அடிக்கு மேல இருந்தா, சில வகைகள்ல மட்டும், ஒரு ஆணுக்கு ரெண்டு பெண். ஏன் அப்படின்னு தெரிஞ்சுக்க விரும்புறவங்க கூடவே வாங்க. அந்த "ஏன்" தெரியாம வாங்குறப்போதான் மீன் சாகுது. அதுவும் பெரும்பாலும் அந்த ரெண்டாவது பெண்தான் சாகும்.

நான் பேசுறது கீழ்புத்துப்பட்டுல இருந்து. சென்னையில இருந்து ஈ.சி.ஆர். பிடிச்சுப் புதுச்சேரிக்கு வர்றவங்க மரக்காணத்துல ரோட்டோரமா உப்பு குவிச்சு வெச்சிருக்கிறதைப் பார்த்திருப்பீங்க. அதைத் தாண்டித் தெற்கே வந்தா எங்க ஊர். மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயிலும் அதைச் சுத்தி இருக்கிற காடும்தான் வெளியூர்க்காரங்களுக்குத் தெரிஞ்ச அடையாளம். மீன் வளர்க்கிறவங்களுக்கு இந்தப் பக்கத்தோட அடையாளம் தண்ணி. சில வீட்டு போர்த் தண்ணில டி.டி.எஸ். மீட்டரை விட்டா நம்பர் நாலு இலக்கத்துக்குப் போகும். அந்தத் தண்ணிக்கும் நம்ம கேள்விக்கும் ஒரு சம்பந்தம் இருக்கு. பின்னாடி வர்றேன்.

உங்களுக்கு ஏற்கெனவே தெரிஞ்ச சிக்லிட்

சிக்லிட்னா ஏதோ வெளிநாட்டு மீன்னு நினைக்காதீங்க. மார்க்கெட்ல விக்கிற ஜிலேபி ஒரு சிக்லிட். ஆப்பிரிக்காவோட மீன் அது. 1952-ல இந்தியாவுக்குக் கொண்டு வந்தாங்க, இன்னைக்கு ஏரி, குளம், கூவம்னு எல்லா இடத்திலயும் இருக்கு. கேரளா போனா வாழை இலையில பொரிச்சுத் தர்ற கரிமீனும் சிக்லிட்தான். அது நம்ம மண்ணோட மீன். 2010-ல கேரளா அதைத் தன்னோட மாநில மீனா அறிவிச்சுது.

இந்தக் குடும்பத்தோட பெரிய விசேஷம், முட்டை போட்டுட்டுப் போயிடாது. காவல் காக்கும், குஞ்சுகளைக் கூட்டிட்டுத் திரியும். ஆனா யார் காக்கிறாங்க, எப்படிக் காக்கிறாங்கங்கிறது ஒவ்வொரு இனத்துக்கும் வேற.

ஜிலேபியை எடுத்துக்கோங்க. ஆண் தரையில ஒரு குழி தோண்டும். பெண் வந்து முட்டை போட்டு, அதை அப்படியே வாயில அள்ளிக்கிட்டுக் கிளம்பிடும். குஞ்சு வளர்றது அம்மாவோட வாய்க்குள்ள. அப்பாவுக்கு அடுத்த பெண்ணைக் கூப்பிடுறதுதான் வேலை.

கரிமீன் நேர்மாறு. அம்மாவும் அப்பாவும் சேர்ந்து காவல்.

மூணாவது ஒரு ஏற்பாடு இருக்கு. அம்மா முட்டையையும் குஞ்சையும் பக்கத்துல இருந்து பார்த்துக்கும், அப்பா தூரத்துல சுத்தி வந்து எல்லையைக் காக்கும். அந்த எல்லைக்குள்ள ஒண்ணுக்கு மேல அம்மாக்கள் இருக்கலாம். ஹேரம்னு நம்ம ஆட்கள் சொல்றது இதைத்தான்.

ஆகவே "எத்தனை பெண்?"ங்கிற கேள்விக்கான பதில், "இந்த மீன்ல குஞ்சை யார் வளர்க்கிறாங்க?"ங்கிற கேள்விக்குள்ள இருக்கு.

அந்தப்புரம்னு நினைச்சா தப்பு

ஹேரம்னு கேட்டதும் மனசுல என்ன வருது? ஒரு ராஜா, ஒரு அந்தப்புரம், ஒரே கூரைக்குக் கீழ நாலு ராணி. அதனாலதான் ஒன்றரை அடி தொட்டியில ஒரு ஆண், மூணு பெண் போட்டுட்டு, "ஹேரம் வெச்சிருக்கேன்"னு போட்டோ அனுப்புறாங்க.

அபிஸ்டோகிராமா மீனைக் கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க. தென் அமெரிக்காவோட சின்னச் சின்ன ஓடைகள்ல, உதிர்ந்த இலைக்கு நடுவுல வாழ்ற மீன். நம்ம கடைகள்ல அதிகமா வர்ற ககாடுவாய்டிஸ் இனத்துல ஆண் 8 செ.மீ. வரைக்கும் வளரும், பெண் 5 செ.மீ. பக்கம் நின்னுடும். ஒவ்வொரு பெண்ணும் தனக்குன்னு ஒரு பொந்து, அதைச் சுத்தி ஒரு துண்டுத் தரை பிடிச்சு வெச்சிருக்கும். அதுக்குள்ள இன்னொரு பெண் வந்தா விடாது. முட்டை போட்டதும் அந்தப் பெண் பளிச்சுனு மஞ்சளாயிடும், மேல கறுப்புக் கோடுகள் ஏறும். "கிட்ட வராதே"ங்கிறதுதான் அந்த நிறத்துக்கு அர்த்தம். அந்த எச்சரிக்கை ஆணுக்கும் சேர்த்துத்தான். தன்னைவிடப் பெரிய ஆணை அது மூலைக்கு விரட்டி அடிக்கிறதைத் தொட்டியில பார்க்கலாம்.

அப்போ ஆணோட வேலை என்ன? ஒரு தெருவை நினைச்சுக்கோங்க. தெருவுல மூணு தனி வீடு. ஒவ்வொரு வீட்டுக்கும் தனிக் கதவு, தனிக் காம்பவுண்டு, தனிப் பொறுப்பு. தெரு முழுக்க ரோந்து போற வாட்ச்மேன் ஒருத்தர். அந்த வாட்ச்மேன்தான் ஆண் மீன். எந்த வீடும் அவரோடது கிடையாது.

இது புரிஞ்சா கணக்கு மாறிடும். எத்தனை பெண் வாங்கலாம்னு யோசிக்கிறதுக்கு முன்னாடி, இந்தத் தரையில எத்தனை வீடு கட்ட முடியும்னு யோசிப்பீங்க.

நான் வெச்சிருக்கிற கணக்கு இது. ஒரு பெண்ணுக்கு ஏறக்குறைய ஒரு அடிக்கு ஒரு அடி தரை. அது போக ஆண் சுத்தி வரவும், விரட்டினா ஓடவும் இடம். 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம் உள்ள தொட்டியில ஒரு ஜோடி. 90 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம்னா ஒரு ஆண், ரெண்டு பெண். மூணு பெண் வேணும்னா நாலு அடிக்குப் போங்க. உயரத்தை இந்தக் கணக்குல சேர்க்காதீங்க. இந்த மீன் வாழ்றது தரையில. ரெண்டடி உயர டவர் தொட்டியால அதுக்குப் பிரயோஜனம் கிடையாது. "எத்தனை லிட்டர்?"னு கேட்கிறதைவிட "எத்தனை சதுர அடித் தரை?"னு கேளுங்க.

செடிதான் காம்பவுண்டு சுவர்

தரை இருந்தா மட்டும் போதாது. ஒரு வீட்டு வாசல்ல இருந்து பார்த்தா இன்னொரு வீடு தெரியக்கூடாது. கண்ணுல பட்டாலே சண்டைதான். செடி வெச்ச தொட்டி இந்த மீன்களுக்கு ஏன் நல்லதுங்கிறதுக்கு முதல் காரணம் இதுதான். அழகு அப்புறம்.

அக்வாஸ்கேப் பண்றவங்க வழக்கமா முன்னாடி புல்வெளி, பின்னாடி உயரமான செடி, நடுவுல ஒரு கட்டைன்னு வைப்பாங்க. கண்ணுக்கு நல்லாத்தான் இருக்கும். ஆனா மீன் தரை மட்டத்துல நின்னு பார்த்தா அது திறந்த மைதானம், இந்த முனையில இருந்து அந்த முனை வரைக்கும் தெரியும். அதை மாத்தி, தொட்டியோட நீளத்தைக் குறுக்கே வெட்டுற மாதிரி ரெண்டு இடத்துல மேடு கட்டுங்க. கட்டை, கல், அதுமேல கட்டிவிட்ட ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ், அடியில கிரிப்டோகோரைன் புதர். முன் கண்ணாடியில இருந்து பின் கண்ணாடி வரைக்கும் அந்த மேடு போகணும்.

பொந்துக்கு அலையவே வேண்டாம். கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து, ஓரத்துல பெண் மட்டும் நுழையற அளவுக்கு ஒரு ஓட்டை போட்டா முடிஞ்சுது. உடைஞ்ச சின்ன மண்சட்டியும் ஓகே, முனையை மட்டும் தேய்ச்சு மழுங்கடிச்சுடுங்க. பெண்கள் எத்தனையோ அதைவிட ஒண்ணு ரெண்டு பொந்து கூட இருக்கட்டும். வாசல்கள் ஒண்ணையொண்ணு பார்க்காம திருப்பி வைங்க.

தரைக்கு நைசான மணல். அபிஸ்டோ வாய் நிறைய மணலை அள்ளி, சாப்பிடுறதை வடிகட்டிட்டு, மிச்சத்தைச் செவுள் வழியா விடும். கூர்மையான சரளை அதுக்கு ஒத்துவராது. சோய்ல் போட்டுச் செடி வளர்க்கிறவங்க முன்னாடி கொஞ்ச இடத்துலயாவது மணல் விடுங்க. மேல நாலஞ்சு காய்ஞ்ச பாதாம் இலை. தெருவுல குடை மாதிரி விரிஞ்சு நிக்குதே அந்த நாட்டு வாதுமை மரம், அதோட இலைதான். மருந்து அடிக்காத மரமா பார்த்து, தானா உதிர்ந்த இலையை எடுத்துக் கழுவிப் போடுங்க. தண்ணி லேசா டீ நிறமாகும். மீனுக்கு அது சொந்த ஊர் நிறம்.

மீனை விடுறதுலயும் ஒரு வரிசை இருக்கு. முதல்ல பெண்கள். அதுங்க வீடு பிடிச்சு ஒரு வாரம் ஆகட்டும். அப்புறம் ஆண். ஆணை முதல்ல விட்டா முழுத் தொட்டியும் தன்னோடதுன்னு அது முடிவு பண்ணிடும்.

சென்னையில ஒரு நண்பர் ரெண்டடி தொட்டியில ஒரு ஆண், ரெண்டு பெண் விட்டிருந்தார். நான் போய்ப் பார்த்தப்போ ஒரு பெண் மஞ்சளா, கம்பீரமா கொட்டாங்குச்சி வாசல்ல நிக்குது. இன்னொண்ணு மேல் மூலையில, ஃபில்டர் குழாய்க்குப் பின்னாடி, நிறமே இல்லாம, துடுப்பை உடம்போட ஒட்டி வெச்சுக்கிட்டு நிக்குது. அவர் சொன்னார், "அது கூச்ச சுபாவம்." அது கூச்சம் இல்லைங்க. கீழ இறங்க அதுக்கு இடமே கிடையாது. தீனி போட்டாலும் இறங்காது. அன்னைக்கு ராத்திரியே அதை ஒரு பக்கெட்ல தனியா எடுத்தோம், பிழைச்சுது. நீங்க நினைவுல வெச்சுக்க வேண்டியது அந்தக் காட்சியைத்தான்: மேல் மூலை, வெளிறின நிறம், ஒட்டின துடுப்பு. இதைப் பார்த்தா அன்னைக்கே பிரிங்க. "ரெண்டு நாள் பார்ப்போம்"னு விட்டா அந்த ரெண்டு நாள்ல போயிடும்.

ஜோடின்னா ரெண்டு மீன் இல்ல

இப்போ ஜோடி மீன்களுக்கு வருவோம். நம்ம பசங்களுக்கு ரொம்பப் பிடிச்சது ராம். வெனிசுலா, கொலம்பியாப் பக்கம், ஒரினோகோ ஆத்துச் சமவெளியோட மீன். 5 செ.மீ. தான் இருக்கும். தட்டையான கல்லு மேல இல்ல மணல் குழியில வெளிப்படையா முட்டை போடும், ரெண்டு பேரும் சேர்ந்து காக்கும். ஒரு ஆள் விசிறும்போது இன்னொரு ஆள் காவல், அப்புறம் மாத்திக்கும். இந்த வேலைக்கு ரெண்டு பேரும் வேணும். இதுல ரெண்டாவது பெண்ணைச் சேர்த்தா அது குடும்பத்துக்கு வெளியே நிக்கிற எதிரி, அவ்வளவுதான்.

கடையில "ஜோடி"ன்னு தர்றது பெரும்பாலும் ஒரு ஆணும் ஒரு பெண்ணும் ஒரே கவர்ல. முதுகுத் துடுப்போட முன்முள் நீளமா இருந்தா ஆண், வயித்துல ரோஸ் நிறம் இருந்தா பெண்னு பார்த்துப் பிடிச்சுப் போடுவாங்க. அதுங்க ஒண்ணையொண்ணு தேர்ந்தெடுக்கல. தேர்ந்தெடுக்காத ரெண்டு ராம் சின்னத் தொட்டியில இருந்தா ஒண்ணு அடி வாங்கிட்டே இருக்கும். முடிஞ்சா ஆறு இளம் மீன் வாங்குங்க. ஜோடி சேர்றது உங்களுக்கே தெரியும். ரெண்டும் சேர்ந்து ஒரு கல்லைச் சுத்தம் பண்ணும், மத்ததுகளைச் சேர்ந்து விரட்டும். அப்புறம் மிச்ச நாலையும் கடைக்குத் திருப்பிக் கொடுக்கலாம். திருப்பி எடுத்துப்பீங்களான்னு வாங்குறதுக்கு முன்னாடியே கேட்டுக்கோங்க.

ராமுக்குச் சூடு வேணும், 28 டிகிரி பக்கம். நம்ம ஊர்ல அது பிரச்சினையே இல்ல, ஆனா செடிக்குப் பிரச்சினை. குளிர் கேட்கிற செடிகளை விட்டுட்டு அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், அமேசான் ஸ்வார்டு மாதிரி சூடு தாங்குறதை வைங்க.

அடுத்தது கிரிப், அதாவது கிரிபென்சிஸ். மேற்கு ஆப்பிரிக்க மீன், பொந்துல முட்டை போடும். எல்லாரும் ஜோடி மீன்னு சொல்வாங்க, பொதுவா அது சரிதான். ஆனா இதுல ஒரு சுவாரஸ்யம் இருக்கு. மார்ட்டின், டாபோர்ஸ்கின்னு ரெண்டு பேர் 1997-ல வெளியிட்ட ஆய்வுல, இந்த ஒரே இனத்துக்குள்ள மூணு விதமான ஆண்கள் இருக்கிறதைக் காட்டினாங்க. ஒரே பெண்ணோட குடும்பம் நடத்துற ஆண், பல பெண்களோட எல்லைகளைச் சேர்த்துக் காக்கிற ஆண், அந்தப் பெரிய ஆணுக்குக் கீழ துணைக்கு நிக்கிற ஆண். ஜோடியா, ஹேரமாங்கிறது இனத்தோட பேர்ல மட்டும் எழுதி வெச்ச விஷயம் இல்லைன்னு இதுல தெரியுது. வீட்டுத் தொட்டியில அந்த மூணுக்கும் இடம் கிடைக்காது. அதனால கிரிப் ஒரு ஜோடியாவே இருக்கட்டும்.

தொட்டியும் ஒரு உப்பளம்தான்

தண்ணிக்கு வர்றேன்னு சொன்னேனே.

அமேசானோட கறுப்புத் தண்ணி ஓடைகள்ல டி.டி.எஸ். நூறைத் தொடாது. நம்ம கடலோரத்துலயும் சென்னையில பல ஏரியாவுலயும் போர்த் தண்ணி அதுக்கு எதிர்ப் பக்கம். ககாடுவாய்டிஸ் இதுல கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். தொட்டியிலயே தலைமுறை தலைமுறையா வளர்ந்த மீன்னா மிதமான தண்ணில முட்டையும் போடும். அகசிஸி மாதிரி இனங்களும் ராமும் மென்தண்ணி கேட்கும். அதனால ஆர்.ஓ. தண்ணியைக் கலக்குறோம். கணக்கு எளிது. போர் 900, ஆர்.ஓ. 30னு வெச்சுக்கோங்க. ஒரு பங்கு போர், மூணு பங்கு ஆர்.ஓ. கலந்தா 250 பக்கம் வரும்.

எல்லாரும் கோட்டை விடுற இடம் இதுக்கு அப்புறம். மரக்காணம் உப்பளத்துல என்ன நடக்குது? தண்ணியைப் பாத்தியில விடுறாங்க, வெயில் தண்ணியை எடுத்துக்குது, உப்பு தங்குது, திரும்பவும் தண்ணி விடுறாங்க. உங்க தொட்டியிலயும் அதேதான். 100 லிட்டர் தொட்டியில ஃபேன் போட்டு மாசம் 20 லிட்டர் ஆவியாகுதுன்னு வைங்க. குறைஞ்ச தண்ணிக்குப் பதிலா அந்த 900 போர்த் தண்ணியையே ஊத்தினா, ஒரே மாசத்துல 250 இருந்தது 430 ஆகும். ரெண்டாவது மாசம் 600 தாண்டும். "முதல்ல நல்லாத்தான் இருந்துச்சு ப்ரோ, மூணாவது மாசம் திடீர்னு போச்சு"ன்னு சொல்ற பல பேரோட கதைக்குப் பின்னாடி இது இருக்கலாம். ஆவியான அளவுக்கு ஆர்.ஓ. தண்ணி மட்டும் ஊத்துங்க. கலவைத் தண்ணி, வாராவாரம் தண்ணி மாத்துறதுக்கு மட்டும்.

இன்னொண்ணு, டி.டி.எஸ். மீட்டர் எவ்வளவு கரைஞ்சிருக்குன்னு சொல்லும், என்ன கரைஞ்சிருக்குன்னு சொல்லாது. கடலோரத்துல அதுல பெரும்பங்கு சாதா உப்பாவே இருக்கலாம். ஒரு ஜி.ஹெச்., கே.ஹெச். டெஸ்ட் கிட் வாங்கி வெச்சுக்கோங்க. அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் மழை நாட்கள்ல மொட்டை மாடி ரெண்டு மழையில கழுவின பிறகு டிரம் வெச்சுப் பிடிச்சா, காசில்லாத மென்தண்ணி. அந்த மாசங்கள்ல உப்பளத்துல வேலை நிக்கும், மீன்காரனுக்கு அறுவடை.

சூடு பத்தியும் ஒரு வார்த்தை. உவே ரோமரும் சக ஆராய்ச்சியாளரும் 1996-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. அபிஸ்டோவோட பெரும்பாலான இனங்கள்ல, குஞ்சு ஆணா பெண்ணாங்கிறது ஆரம்ப வாரங்கள்ல இருக்கிற வெப்பநிலையைப் பொறுத்து மாறுது. சூடு கூடினா ஆண் அதிகம், குறைஞ்சா பெண் அதிகம். நம்ம மே மாசத்துல, ஃபேன்கூட இல்லாத தொட்டியில குஞ்சு பொரிச்சா, கிட்டத்தட்ட எல்லாம் ஆணா வந்து நிக்க வாய்ப்பு இருக்கு. ஹேரம் வைக்க ஆசைப்பட்டவர் கையில இருபது ஆண். அதனால குஞ்சு எடுக்கிறதை மார்கழி, தை மாசத்துக்கு வெச்சுக்கோங்க.

நம்ம தண்ணிக்குப் பொறந்த ஒரு சிக்லிட்

இவ்வளவு தண்ணி வேலை பார்க்க முடியாதுங்கிறவங்களுக்கு ஒரு மீன் சொல்றேன். இந்தியாவுக்குச் சொந்தமான சிக்லிட் மொத்தமே மூணு. கரிமீன் ஒண்ணு. கர்நாடகப் பக்கம் மட்டும் இருக்கிற கனரா கரிமீன் ஒண்ணு. மூணாவது ஆரஞ்சு குரோமைடு, மலையாளத்துல பள்ளத்தி. இதுங்களோட நெருங்கின சொந்தம் மடகாஸ்கர்ல இருக்கு.

பள்ளத்தி 8 செ.மீ. தான். மஞ்சள் கலந்த ஆரஞ்சு உடம்பு, பக்கவாட்டுல ஒரு கறுப்புப் பொட்டு, வரிசை வரிசையா சிவப்புப் புள்ளி. தென்னிந்தியக் கடலோரத்துலயும் இலங்கையிலயும் உப்பங்கழிகள்ல வாழ்ற மீன். எங்க ஊருக்குப் பக்கத்துல கழுவெளி இருக்கு. மழைக்காலத்துல நல்ல தண்ணி நிறையும், கோடையில வத்தும், எடையன்திட்டுக் கழிமுகம் வழியா கடல் தண்ணி உள்ள ஏறும். ஒரே வருஷத்துல இத்தனை விதத் தண்ணியைப் பார்க்கிற இடம். அந்த மாதிரி இடத்துல வாழப் பழகின மீனுக்கு உங்க போர்த் தண்ணி பெரிய விஷயமே இல்ல. லிட்டருக்கு 2, 3 கிராம் கல்லுப்பு சேர்த்தா இன்னும் நல்லா இருக்கும். வாலிஸ்நேரியா, ஜாவா ஃபெர்ன் அந்த அளவு உப்பைத் தாங்கும்.

இது அசல் ஜோடி மீன். ஆண், பெண் வித்தியாசம் கண்ணால பிடிக்கிறது கஷ்டம். அதனால மூணடி தொட்டியில ஆறு இளம் மீன் விட்டு, அதுங்களே முடிவு பண்ண விடணும். ரெண்டும் சேர்ந்து முட்டையை விசிறும், குழி தோண்டிக் குஞ்சுகளை மாத்தி மாத்தி வைக்கும். 1967-ல ஜாக் வார்டும் ஜார்ஜ் பார்லோவும் இதோட குஞ்சுகளைப் பத்தி ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. குஞ்சுகள் அம்மா, அப்பா உடம்பை உரசி உரசிப் போகும். உடம்பு மேல இருக்கிற வழவழப்பைத் தின்னும். டிஸ்கஸ் மீன்ல இதைப் பார்க்க ஆயிரக்கணக்குல செலவு பண்றாங்க. அது நம்ம கழியிலயே நடக்குது.

இன்னொரு ஆச்சரியம். வைமன், வார்டு ரெண்டு பேரும் 1972-ல எழுதினது. சின்னப் பள்ளத்திகள் பெரிய கரிமீனோட உடம்பைக் கொத்திச் சுத்தம் பண்ணிவிடும், கரிமீன் அசையாம நின்னு காட்டும். அதே பள்ளத்தி வளர்ந்து பெருசானா, கரிமீனோட முட்டையையும் குஞ்சையும் திங்கவும் செய்யும். நட்பு, பகை ரெண்டும் ஒரே தெருவுல.

ஒரு கண்டிஷன். வலையைத் தூக்கிட்டுக் கழுவெளிக்கு வந்துடாதீங்க. 2021 டிசம்பர்ல அது பறவைகள் சரணாலயமா அறிவிக்கப்பட்டது, 5,151 ஹெக்டேர். 2024 ஆகஸ்ட்ல ராம்சார் பட்டியல்லயும் சேர்ந்தது. பள்ளத்தி பண்ணையில வளர்த்தது கடைகள்ல வருது, கொளத்தூர்ப் பக்கம் கேட்டுப் பாருங்க. நல்ல ஆரஞ்சு நிறத்துக்குத் தேர்ந்தெடுத்து வளர்த்த வகையும் கிடைக்கும். எந்தத் தண்ணில வெச்சிருந்தாங்கன்னு கேட்டு, அதே தண்ணில ஆரம்பிங்க.

குஞ்சு வந்த பிறகு

எந்த இனமா இருந்தாலும் முதல் ரெண்டு மூணு தடவை முட்டையைப் பெத்தவங்களே தின்னலாம். பதறி முட்டையைத் தனியா எடுக்காதீங்க. பழகட்டும். நீந்துற குஞ்சுக்கு நல்ல தீனி, அப்போதான் பொரிச்ச ஆர்ட்டீமியா. அதுவும் உப்பளத்து உயிரிதான், தூத்துக்குடி உப்பளங்கள்ல இயற்கையாவே உண்டு. டப்பாவுல வர்ற முட்டையை, லிட்டருக்கு 25 கிராம் அயோடின் இல்லாத கல்லுப்பு கலந்த தண்ணில போட்டு, காத்து நல்லா விட்டா, நம்ம ஊர்ச் சூட்டுல ஒரு நாள்ல பொரியும். வடிகட்டிக் கழுவிக் கொடுங்க.

கடைசியா ஒண்ணு, இது முக்கியம். மீன் அதிகமாயிடுச்சு, இடம் இல்ல. பாவம்னு நினைச்சு ஏரியில, கழியில கொண்டு போய் விடுறாங்க. பாவம் பார்த்து விட்ட மீனும் அங்க இருக்கிற மீனோட பொந்தையும் தீனியையும் பிடுங்கும். ஜிலேபி வந்த கதை நமக்குத் தெரியும். ஒருவேளை நம்ம அபிஸ்டோ அந்தத் தண்ணில ஒரு வாரத்துல செத்துப்போகும். அப்படிச் செத்தாலும், அது கொண்டுபோன நோய் அங்கேயே தங்கலாம். கடைக்குக் கொடுங்க, நண்பர்களுக்குக் கொடுங்க. ரெண்டும் முடியலைன்னா குஞ்சு எடுக்கிறதை நிறுத்துங்க. பொந்தை எடுத்துட்டா அபிஸ்டோ முட்டை போடுறது பெருமளவு குறைஞ்சுடும்.

அடுத்த எபிசோடுக்குக் கேள்வி அனுப்புறவங்க மூணு தகவல் சேர்த்து அனுப்புங்க. தொட்டியோட நீளம், அகலம், உங்க வீட்டுத் தண்ணியோட டி.டி.எஸ். எத்தனை மீனுங்கிறதை அதைப் பார்த்துட்டுப் பேசலாம்.